உயர் வெப்பநிலை மீக்கடத்திகளில் குவாண்டம் அலைவுகள்

செப்பு ஆக்சைடு மீக்கடத்திகளை மிகக் குறைந்த வெப்பநிலையில், மிக வலிய காந்தப்புலத்தில் வைக்கும்போது அவற்றின் மின்தடை, ஹால் மின்னழுத்தம், காந்தமாக்கம் ஆகியவை ஓர் ஒழுங்கில் ஏறி இறங்குகின்றன. இந்த ஏற்ற இறக்கமே குவாண்டம் அலைவு எனப்படும். சாதாரண உலோகங்களில் இது 1930 முதல் அறியப்பட்ட ஒன்று. செப்பு ஆக்சைடுகளிலோ, அவை கண்டுபிடிக்கப்பட்டு 20 ஆண்டுகளுக்குப் பின், 2007 ஆம் ஆண்டில்தான் தெளிவாகப் பதிவாயிற்று. இந்தப் பொருள்களுக்குள் எலக்ட்ரான்கள் உலோகத்தில் இருப்பதுபோல் இயங்குகின்றனவா, அப்படியானால் எத்தனை எலக்ட்ரான்கள் மின்னோட்டத்தில் பங்கேற்கின்றன என்ற நெடுநாள் வினாவுக்கு அந்த அளவீடு ஒரு விடை தந்தது. அது எவரும் எதிர்பார்த்த விடையாக இருக்கவில்லை.

பின்னணி

மின்தடை முற்றிலும் மறையும் மீக்கடத்துத்திறனை 1911 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் கண்டறிந்தார். அது நிகழ்ந்த வெப்பநிலை ஏறத்தாழ 4.2 கெல்வின். அதற்கான நுண்ணியல் விளக்கத்தை 1957 இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் அளித்தனர். படிக அதிர்வுகளின் துணையால் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. இணைகள் ஒருமித்து இயங்கும்போது மின்தடை மறைகிறது என்பது அதன் சாரம். இந்த விளக்கம், இணை சேர்வதற்கு முன் எலக்ட்ரான்கள் ஒழுங்கான ஓர் உலோக நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

1986 இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் அடங்கிய சேர்மம் ஒன்றில் 30 கெல்வின் அளவில் மீக்கடத்துத்திறனைக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு 90 கெல்வினைத் தாண்டியது. இது நீர்ம நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினை விட அதிகம். இவ்வகைச் சேர்மங்களே உயர் வெப்பநிலை மீக்கடத்திகள் என அழைக்கப்படுகின்றன. இவை அனைத்திலும் செம்பும் ஆக்சிஜனும் சதுர வலைபோல் அமைந்த மெல்லிய தளங்கள் உள்ளன. மின்னோட்டம் பெரும்பாலும் இத்தளங்களிலேயே நடைபெறுகிறது.

சிக்கல் இத்தளங்களின் தாய்நிலையிலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு செம்பு அணுவுக்கும் இயங்கக்கூடிய ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. பாடநூல் கணக்கின்படி இது நல்ல உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்தால் அவற்றின் விலக்கு விசை மிகப் பெரிதாகிவிடுகிறது. எனவே ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் அணுவிலேயே தங்கிவிட, பொருள் மின்கடத்தாப் பொருளாகிறது. இதை மோட் கடத்தாப்பொருள் என்பர். அதன் காந்தத் திருப்பங்கள் அடுத்தடுத்த அணுக்களில் மேலும் கீழுமாக எதிரெதிர்த் திசையில் அமைகின்றன.

இப்பொருளில் ஆக்சிஜனைக் கூட்டியோ வேறு அணுக்களைப் புகுத்தியோ தளங்களிலிருந்து சில எலக்ட்ரான்களை அகற்றலாம். அகற்றப்பட்ட இடங்கள் துளைகள் எனப்படும். ஒரு செம்பு அணுவுக்கு எத்தனை துளைகள் என்ற எண்ணை இக்கட்டுரையில் துளை அளவு என்று குறிப்பிடுவோம். துளை அளவு 0.05 அருகே மீக்கடத்துத்திறன் தோன்றி, 0.16 அருகே உச்சம் தொட்டு, 0.27 அருகே மறைகிறது. உச்சத்துக்கு இடப்புறம் உள்ளவை குறைதுளைப் பொருள்கள். வலப்புறம் உள்ளவை மிகைதுளைப் பொருள்கள்.

பெர்மி பரப்பும் எண்ணிக்கை வினாவும்

ஓர் உலோகத்தில் எலக்ட்ரான்கள் தாழ்ந்த ஆற்றல் நிலைகளிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக நிரம்புகின்றன. நிரம்பிய நிலைகளையும் வெற்று நிலைகளையும் பிரிக்கும் எல்லையை உந்த வெளியில் வரைந்தால் கிடைப்பது பெர்மி பரப்பு. மின்கடத்தல், வெப்ப ஏற்புத்திறன், மீக்கடத்துத்திறன் ஆகிய எல்லாவற்றிலும் பங்கேற்பவை இந்த எல்லையை ஒட்டிய எலக்ட்ரான்களே. செப்பு ஆக்சைடுகள் ஏறக்குறைய இருபரிமாணப் பொருள்கள் என்பதால், அவற்றின் பெர்மி பரப்பை ஒரு தாளில் வரைந்த மூடிய வளையமாகவே எண்ணிக்கொள்ளலாம்.

அந்த வளையத்தின் பரப்பளவு ஒரு கணக்கேடு போன்றது. படிகத்தின் உந்த வெளி, பிரில்லூயின் மண்டலம் எனப்படும் ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வருவதால் ஆனது. வளையம் அந்தக் கட்டத்தில் எத்தனை பங்கை அடைக்கிறது என்று தெரிந்தால், இயங்கும் மின்னூட்டங்களின் எண்ணிக்கையும் தெரிந்துவிடும். இதை லட்டிஞ்சர் தேற்றம் உறுதிசெய்கிறது. ஒவ்வொரு நிலையிலும் எதிரெதிர் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் இடம்பெறுவதால், பங்கை இரண்டால் பெருக்கினால் போதும்.

எனவே கேள்வியை எளிமையாக இப்படிக் கேட்கலாம். துளை அளவு 0.10 உள்ள ஒரு பொருளில் இயங்கும் துளைகள் எத்தனை? எலக்ட்ரான்களின் விலக்கு விசையைப் பொருட்படுத்தாத பட்டைக் கொள்கை, ஏற்கெனவே பாதி நிரம்பிய நிலையில் உள்ள 1 துளையோடு 0.10 ஐக் கூட்டி 1.10 என்று சொல்லும். அதாவது ஒரு பெரிய வளையம். மோட் கடத்தாப்பொருளிலிருந்து தொடங்குவோர், புதிதாகச் சேர்த்த 0.10 துளைகள் மட்டுமே நகரும் என்பார்கள். அதாவது சில சிறு வளையங்கள். 1987 இல் பிலிப் ஆண்டர்சனும், அவரோடு சேர்ந்து பணியாற்றிய தமிழக இயற்பியலாளர் க. பாஸ்கரன் உள்ளிட்டோரும் முன்வைத்த ஒத்ததிர்வு இணைதிறன் பிணைப்புக் கொள்கையில், வழக்கமான உலோக எலக்ட்ரான் என்ற கருத்தே ஐயத்துக்கு உள்ளாயிற்று.

ஒளிமின் உமிழ்வு ஆய்வுகள் குழப்பத்தை மேலும் வளர்த்தன. குறைதுளைப் பொருள்களில் அவை காட்டியவை முழு வளையங்கள் அல்ல. நான்கு துண்டு வில்கள். இரு முனைகளும் அந்தரத்தில் நிற்கும் இந்த வில்கள் 1998 முதல் பெரும் விவாதப் பொருளாயின. உலோகத்தின் பெர்மி பரப்பு எங்கும் அறுபடாமல் மூடியிருக்க வேண்டும். வில்களுக்கு வெளியே எலக்ட்ரான் நிலைகள் ஆற்றல் இழந்து மங்கிக் கிடக்கும் இந்த நிலைக்குப் போலி இடைவெளி என்று பெயர்.

அலைவு எப்படி உண்டாகிறது?

காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வட்டப் பாதையில் சுழலும். குவாண்டம் விதிகளின்படி எல்லா வட்டங்களும் அனுமதிக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட பரப்பளவு கொண்டவை மட்டுமே நிலைக்கும். அவற்றின் ஆற்றல்கள் படிகள்போல் அமைகின்றன. இவை லாண்டவ் மட்டங்கள்.

ஒரு தெப்பக்குளத்தின் படிக்கட்டை எண்ணிப் பாருங்கள். நீர்மட்டம் பெர்மி ஆற்றல். படிகள் லாண்டவ் மட்டங்கள். காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்டப் படிகளுக்கிடையே உயரம் அதிகரிக்கிறது. நீர்மட்டம் அப்படியே இருக்க, படிகள் ஒவ்வொன்றாக நீருக்கு மேலே எழும்புகின்றன. ஒரு படி நீர்மட்டத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பெர்மி ஆற்றலில் உள்ள நிலைகளின் அடர்த்தி கூடிக் குறைகிறது. அதனோடு மின்தடையும் காந்தமாக்கமும் ஏறி இறங்குகின்றன.

காந்தமாக்கத்தில் தோன்றும் அலைவுக்கு டி ஹாஸ்–வான் ஆல்ஃபென் விளைவு என்றும், மின்தடையில் தோன்றுவதற்கு சுப்னிக்கோவ்–டி ஹாஸ் விளைவு என்றும் பெயர். இரண்டும் 1930 இல் லைடனில் பிஸ்மத் படிகங்களில் காணப்பட்டவை. காந்தப்புலத்தின் தலைகீழை அச்சாகக் கொண்டு வரைந்தால் அலைவின் உச்சிகள் சம இடைவெளியில் அமையும். அந்த இடைவெளியின் தலைகீழ் அலைவின் அதிர்வெண். அது டெஸ்லா அலகில் குறிக்கப்படும்.

1952 இல் லார்ஸ் ஓன்சாகர் இந்த அதிர்வெண்ணுக்குத் துல்லியமான பொருள் தந்தார். அதிர்வெண் பெர்மி பரப்பின் வெட்டுமுகப் பரப்பளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இடையில் வருவன பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் மட்டுமே. பொருளைப் பற்றிய ஊகம் எதுவும் தேவையில்லை. டெஸ்லாவில் உள்ள அதிர்வெண்ணை 0.00955 ஆல் பெருக்கினால், உந்த வெளிப் பரப்பளவு நானோமீட்டரின் தலைகீழ் வர்க்க அலகில் கிடைத்துவிடும். செம்பு, வெள்ளி, தங்கம் முதலிய உலோகங்களின் பெர்மி பரப்புகள் இம்முறையில் மிக நுட்பமாக அளக்கப்பட்டன.

மற்றொரு பயனும் உண்டு. வெப்பநிலை உயரும்போது நீர்மட்டம் கலங்கியதுபோல் பெர்மி எல்லை மங்குகிறது. அலைவின் வீச்சு குறைகிறது. எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது எலக்ட்ரானின் பயனுறு நிறையைப் பொறுத்தது. லிஃப்ஷிட்ஸ், கோசெவிச் இருவரும் தந்த வாய்பாட்டைக் கொண்டு வீச்சின் தேய்விலிருந்து நிறையைக் கணக்கிடலாம். இந்த வாய்பாட்டுக்கு அலைவு கட்டுப்பட்டால், எலக்ட்ரான்கள் பெர்மி எல்லையின் வழக்கமான விதிக்குக் கட்டுப்படுகின்றன என்பதற்கும் அது சான்று.

ஏன் 20 ஆண்டுகள் ஆயின?

முதல் தடை மீக்கடத்துத்திறனே. மின்தடை சுழியாக இருக்கும் பொருளில் மின்தடையின் அலைவை அளக்க முடியாது. காந்தப்புலத்தால் மீக்கடத்துத்திறனை அடக்கியாக வேண்டும். உச்ச நிலையில் உள்ள இட்ரியம் சேர்மத்தில் அதற்கு 100 டெஸ்லாவுக்கும் அதிகமான புலம் வேண்டும். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளின் புலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா என்பதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். 50 டெஸ்லாவைத் தாண்டிய புலங்களைத் தொடர்ந்து நிலைநிறுத்துவது கடினம் என்பதால் துடிப்புக் காந்தங்கள் பயன்படுகின்றன. பெரிய மின்தேக்கித் தொகுதியில் சேமித்த ஆற்றலை ஒரு கம்பிச் சுருளுக்குள் ஒரே வீச்சில் செலுத்துவர். புலம் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் உச்சம் தொட்டு இறங்கும். அதற்குள் அளவீடு முடிந்தாக வேண்டும்.

இரண்டாவது தடை படிகத் தூய்மை. எலக்ட்ரான் எதன்மீதும் மோதாமல் ஒரு சுற்றையேனும் பெருமளவு முடித்தால்தான் லாண்டவ் மட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். பின்னர் காணப்போகும் சிறு வளையத்துக்கு 50 டெஸ்லா புலத்தில் சுற்றுப்பாதையின் நீளம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது சுமார் 270 அணுக்கட்டங்களைக் கடக்க வேண்டும். துளைகளை உண்டாக்கவென்று புகுத்திய ஆக்சிஜன் அணுக்களே ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால், அவையே எலக்ட்ரானை மோதவைக்கும் தடைக்கற்களாகிவிடும்.

இந்தத் தடையைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லியாங், பான், ஹார்டி ஆகியோர் வென்றனர். பேரியம் சிர்கோனேட் புடங்களில் அவர்கள் வளர்த்த இட்ரியம் படிகங்கள் மிகத் தூயவை. ஒரு வாய்பாட்டு அலகுக்கு 6.5 ஆக்சிஜன் என்ற அளவில், செம்பு–ஆக்சிஜன் சங்கிலிகள் ஒன்றுவிட்டு ஒன்று முழுதும் நிரம்பியும் முழுதும் காலியாகவும் ஒழுங்காக அமையும். ஆகவே புகுத்திய ஆக்சிஜன் ஒரு குறையாக இல்லாமல் படிக ஒழுங்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

2007: முதல் அலைவு

கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி தாய்ஃபேர், நிக்கோலா த்வாரோன்-லேரோ ஆகியோரும், பிரான்சின் துலூஸ் நகர உயர்புல ஆய்வகத்தைச் சேர்ந்த சிரில் ப்ரூஸ்ட் உள்ளிட்டோரும் இந்தப் படிகங்களை 62 டெஸ்லா வரையிலான புலத்தில் ஆராய்ந்தனர். மாதிரியின் துளை அளவு 0.10, மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை 57.5 கெல்வின். அளவீடு நடந்தது 1.5 முதல் 4.2 கெல்வின் வரையிலான வெப்பநிலையில். புலம் மீக்கடத்துத்திறனை அடக்கிய பின் ஹால் மின்தடையில் தெளிவான அலைவு தோன்றியது. அதன் அதிர்வெண் சுமார் 530 டெஸ்லா. முடிவு 2007 இல் நேச்சர் இதழில் வெளியானது. அடுத்த ஆண்டிலேயே காந்தமாக்கத்திலும் இதே அலைவு பதிவானது.

இந்த எண்ணை நாமே விரித்துப் பார்க்கலாம். 530 ஐ 11, 10, 9 ஆகியவற்றால் வகுத்தால் 48.2, 53, 58.9 டெஸ்லா கிடைக்கும். அதாவது 60 டெஸ்லாவுக்குள் 11 ஆம் படி, 10 ஆம் படி, 9 ஆம் படி என ஒவ்வொன்றாக நீர்மட்டத்தைக் கடக்கின்றன. அலைவின் தொடக்கக் கட்டத்தைப் பொறுத்து உச்சிகளின் இடம் சற்று நகரலாம், இடைவெளி மாறாது.

இனிப் பரப்பளவு. 530 × 0.00955 = ஏறத்தாழ 5.06 நானோமீட்டரின் தலைகீழ் வர்க்கம். இட்ரியம் சேர்மத்தின் பிரில்லூயின் மண்டலத்தின் பரப்பு ஏறத்தாழ 266. எனவே வளையம் மண்டலத்தில் அடைப்பது வெறும் 1.9 விழுக்காடு. இரண்டால் பெருக்கினால் ஒரு செம்பு அணுவுக்கு 0.038 மின்னூட்டங்கள்.

பட்டைக் கொள்கை எதிர்பார்த்தது 1.10. மோட் கடத்தாப்பொருளிலிருந்து தொடங்கியோர் எதிர்பார்த்தது 0.10. கிடைத்ததோ 0.038. ஒரே அளவுள்ள இரண்டு வளையங்கள் இருப்பதாகக் கொண்டாலும் 0.076 தான் வருகிறது. எந்தக் கணக்கும் நேராகப் பொருந்தவில்லை.

வெப்பநிலையோடு அலைவு தேய்ந்த விதம் லிஃப்ஷிட்ஸ்–கோசெவிச் வாய்பாட்டுக்கு ஒத்துவந்தது. அதிலிருந்து கிடைத்த பயனுறு நிறை, தனி எலக்ட்ரானின் நிறையைப் போல் 1.9 மடங்கு. வில்களாகச் சிதறிக் கிடப்பதாக எண்ணப்பட்ட பொருளுக்குள், வலிய புலத்திலும் தாழ் வெப்பநிலையிலும் வழக்கமான எலக்ட்ரான்கள் மூடிய பாதையில் சுற்றி வருகின்றன என்பது உறுதியாயிற்று.

குறி மாறிய ஹால் விளைவு

அதே குழு அவ்வாண்டே இன்னொரு புதிரையும் வெளியிட்டது. ஹால் மின்னழுத்தத்தின் குறி, மின்னோட்டத்தைச் சுமப்பவை துளைகளா எலக்ட்ரான்களா என்பதைக் காட்டும். துளைகள் புகுத்தப்பட்ட பொருளில் அது நேர்க்குறியாக இருக்க வேண்டும். உயர்ந்த வெப்பநிலையில் அப்படியே இருந்தது. வெப்பநிலையைக் குறைத்தபோது குறி மாறி எதிர்க்குறியாயிற்று. எனவே அலைவைத் தந்த சிறு வளையம் எலக்ட்ரான் வகையைச் சேர்ந்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். வெற்று நிலைகளைச் சூழ்ந்த வளையம் துளை வகை. நிரம்பிய நிலைகளைச் சூழ்ந்தது எலக்ட்ரான் வகை.

துளைகளை மட்டுமே சேர்த்த பொருளில் எலக்ட்ரான் வளையம் எங்கிருந்து வந்தது? இதற்கு இயல்பான ஒரே வழி, பெரிய வளையம் உடைந்து புதிதாக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதை மறுகட்டமைப்பு என்பர். படிகத்தின் இயல்பான ஒழுங்குக்கு மேல் இன்னொரு நீண்ட ஒழுங்கு எலக்ட்ரான்களுக்குள் தோன்றினால், உந்த வெளியின் கட்டம் சிறிதாகிவிடும். வளையம் வரைந்த தாளை மடித்தால் வளையத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அல்லவா? அவ்வாறு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் அறுந்து, வேறு விதமாக இணைந்து சிறு வளையங்கள் பிறக்கின்றன.

மறுமுனை: தாலியம் சேர்மம்

மறுகட்டமைப்பு என்று சொல்ல வேண்டுமானால், முதலில் உடையாத பெரிய வளையம் ஒன்று இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். 2008 இல் மிகைதுளைத் தாலியம் பேரியம் செப்பு ஆக்சைடில் அது கிடைத்தது. அதன் மீக்கடத்து வெப்பநிலை சுமார் 10 கெல்வின்தான். அங்கு அலைவின் அதிர்வெண் ஏறத்தாழ 18,100 டெஸ்லா. 60 டெஸ்லா அருகே ஏறத்தாழ 300 ஆம் படி நீர்மட்டத்தைக் கடந்துகொண்டிருக்கும். அடுத்தடுத்த உச்சிகளுக்கிடையே 0.2 டெஸ்லா மட்டுமே. சுற்றுப்பாதையின் நீளமோ 500 நானோமீட்டருக்கும் மேல்.

பரப்பளவுக் கணக்கு பிரில்லூயின் மண்டலத்தில் 65 விழுக்காடு என்கிறது. இரண்டால் பெருக்கினால் 1.3. அதாவது 1 உடன் துளை அளவான 0.3 ஐக் கூட்டிய எண்; பட்டைக் கொள்கை சொன்னதே. விலக்கு விசை இவ்வளவு வலிமையாக இருந்தும் மிகைதுளைப் பக்கத்தில் எண்ணிக்கை பிசகவில்லை.

இவ்வாறு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களில் கிடைத்த எண்களைக் கீழே ஒப்பிடலாம்.

| சேர்மம் | அதிர்வெண் (டெஸ்லா) | மண்டலத்தில் பங்கு |
|---|---|---|
| இட்ரியம் சேர்மம், ஆக்சிஜன் 6.5 | 530 | 1.9% |
| இட்ரியம் சேர்மம், இரட்டைச் சங்கிலி வகை | 660 | 2.4% |
| பாதரசம் பேரியம் செப்பு ஆக்சைடு | 840 | 3% |
| தாலியம் பேரியம் செப்பு ஆக்சைடு, மிகைதுளை | 18,100 | 65% |

மூன்றாவது வரி முக்கியமானது. இட்ரியம் சேர்மத்தில் செப்புச் சங்கிலிகள் இருப்பதால், சிறு வளையம் அச்சங்கிலிகளிலிருந்தே வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. பாதரசச் சேர்மத்தில் சங்கிலிகள் கிடையாது. ஒற்றைத் தளமே உள்ளது. 2013 இல் அதிலும் சிறு வளையம் தென்பட்டதால் ஐயம் தீர்ந்தது. சிறு வளையம் செப்பு–ஆக்சிஜன் தளங்களுக்கே உரியது.

மடித்தது எது?

தாளை மடித்த அந்த மறைந்திருந்த ஒழுங்கு எது என்பதே அடுத்த கேள்வி. காந்தத் திருப்பங்களின் ஒழுங்காக இருக்கலாம் என்று முதலில் பலர் கருதினர். 1995 இலேயே லாந்தனம் வகைச் சேர்மம் ஒன்றில் காந்தத் திருப்பங்களும் மின்னூட்டமும் சேர்ந்து பட்டைபட்டையாக அமைவது தெரிந்திருந்தது. 2011 இல் பிரான்சின் கிரெனோபிள் உயர்புல ஆய்வகத்தில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் இட்ரியம் சேர்மம் ஆராயப்பட்டது. வலிய புலத்தில் மின்னூட்டம் ஓர் ஒழுங்கான அலையாகத் திரள்வதும், காந்தத் திருப்பங்களில் அத்தகைய ஒழுங்கு இல்லாததும் தெரிந்தன. 2012 இல் எக்ஸ் கதிர்ச் சிதறல் ஆய்வுகள் அந்த மின்னூட்ட அடர்த்தி அலையை நேரடியாகக் கண்டன. அதன் அலைநீளம் ஏறத்தாழ 3.2 அணுக்கட்டங்கள்.

இந்த அலையே பெர்மி பரப்பை மடித்தது என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. இதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சுசித்ரா செபாஸ்டியனும் அவருடன் பணியாற்றிய நீல் ஹாரிசனும் ஆற்றிய பங்கு குறிப்பிடத்தக்கது. செபாஸ்டியன் இளங்கலை இயற்பியல் பயின்றது சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் மின்னூட்ட அலை அமைந்தால், நான்கு வில்களும் அலையின் உந்த அளவு நகர்ந்து, முனையோடு முனை சேர்ந்து, வைர வடிவான ஒரே எலக்ட்ரான் வளையமாகும் என்று அவர்கள் காட்டினர். ஒளிமின் உமிழ்வு கண்ட வில்களும் குவாண்டம் அலைவு கண்ட மூடிய வளையமும் முரண்பட்டவை அல்ல. மின்னூட்ட அலை வலுவற்ற நிலையில் தெரிவது வில். அலை வலுப்பெற்ற நிலையில் வில்கள் இணைந்து தெரிவது வளையம்.

ஒப்புக்கொள்ள வேண்டிய வரம்பும் இதில் அடங்கியிருக்கிறது. குவாண்டம் அலைவு காட்டுவது வலிய புலமும் தாழ் வெப்பநிலையும் சேர்ந்த நிலையை. புலம் இல்லாமல், 100 கெல்வினில், அதே பொருள் எப்படி இருக்கும் என்பதை அது நேரடியாகச் சொல்லாது.

போலி இடைவெளியின் எல்லை

மின்னூட்ட அலை மீக்கடத்துத்திறனோடு போட்டியிடும் ஒரு துணை நிகழ்வாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அதனால் மூல வினா அப்படியே நிற்கிறது. வில்களை உண்டாக்கிய போலி இடைவெளி எது?

இதற்கு இரண்டு தடயங்கள் கிடைத்துள்ளன. 2015 இல் 90 டெஸ்லாவைத் தாண்டிய புலங்களில் நடந்த அளவீடுகள், துளை அளவு 0.18 ஐ நெருங்க நெருங்க எலக்ட்ரான்களின் பயனுறு நிறை வெகுவாகக் கூடுவதைக் காட்டின. எலக்ட்ரான்களுக்கிடையிலான விசைகள் அங்கே வலுவடைகின்றன என்பதே இதன் பொருள். 2016 இல் 88 டெஸ்லா வரை நடந்த ஹால் அளவீடுகள், இட்ரியம் சேர்மத்தில் துளை அளவு 0.19 அருகே இயங்கும் மின்னூட்டங்களின் எண்ணிக்கை மாறுவதைக் காட்டின. அந்த எல்லைக்கு மேலே '1 கூட்டல் துளை அளவு'. கீழே இறங்கும்போது அது 'துளை அளவு' மட்டும் என்ற மதிப்பை நோக்கி வீழ்கிறது. மின்னூட்ட அலை தோன்றுவதற்கு முன்பே, அதாவது இன்னும் உயர்ந்த துளை அளவிலேயே, இந்த வீழ்ச்சி நிகழ்கிறது. ஆக, பெரிய வளையத்தை முதலில் சிதைப்பது போலி இடைவெளி. சிதைந்த துண்டுகளைச் சேர்த்து 0.038 என்ற சிறு வளையமாக்குவது மின்னூட்ட அலை.

2020 இல் இன்னொரு துண்டும் சேர்ந்தது. ஐந்து செப்பு–ஆக்சிஜன் தளங்கள் அடுக்கிய ஒரு பேரியம் கால்சியம் சேர்மத்தில், வெளித்தளங்களால் காக்கப்பட்டு மாசின்றி இருக்கும் உள்தளங்களில் மிகச் சிறிய துளை வளையங்கள் காணப்பட்டன. ஒளிமின் உமிழ்வும் குவாண்டம் அலைவும் ஒரே படிகத்தில் ஒரே வளையங்களைக் கண்டன. மோட் கடத்தாப்பொருளில் சில துளைகளை மட்டும் சேர்த்தால் சிறு துளை வளையங்கள் உண்டாகும் என்ற பழைய எதிர்பார்ப்பு, போதிய தூய்மை கொண்ட தளங்களில் மெய்யாகிறது.

ஏன் இது முக்கியம்?

மீக்கடத்துத்திறன் என்பது எலக்ட்ரான்களின் இணைசேர்க்கை. எவை இணைகின்றன, எத்தனை உள்ளன, அவற்றின் நிறை என்ன என்று தெரியாமல், ஏன் இணைகின்றன என்று விளக்கத் தொடங்குவது அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவது போலாகும். 2007 க்கு முன் குறைதுளைச் செப்பு ஆக்சைடுகளைப் பற்றி இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. இன்று மிகைதுளைப் பக்கத்தில் முழு வளையமும், இடையில் 0.19 அருகே ஓர் எல்லையும், குறைதுளைப் பக்கத்தில் மறுகட்டமைந்த சிறு வளையமும் எண்களோடு தெரிகின்றன. மீக்கடத்து வெப்பநிலையின் உச்சமான 0.16 அந்த எல்லைக்கு அண்மையிலேயே அமைந்திருப்பது தற்செயலா, அல்லது எல்லையருகே வலுவடையும் விசைகளே எலக்ட்ரான்களை இணைக்கின்றனவா என்பதே இத்துறையில் இன்னும் தீராத வினா. வளிமண்டல அழுத்தத்தில் மிக உயர்ந்த வெப்பநிலையில், ஏறத்தாழ 133 கெல்வினில், மீக்கடத்தும் பாதரசச் சேர்மமும் இந்தச் செப்பு ஆக்சைடுக் குடும்பத்தையே சேர்ந்தது. அந்த வினாவுக்கான விடையில்தான் அதைவிட உயர்ந்த வெப்பநிலையில் இயங்கும் பொருளைத் திட்டமிட்டு உருவாக்குவதற்கான வழியும் இருக்கிறது.